சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவருக்கு வாரம் ஒரு போன்: குடிமீட்புத் தொடர்பராமரிப்பு செய்முறை

குடிநோய்ச் சிகிச்சைக்காக மூன்று வாரமோ நான்கு வாரமோ உள்ளே இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு மிக ஆபத்தான காலம் முதல் மூன்று மாதம். வார்டில் இருக்கும்போது கடை கண்ணில் படாது, கையில் காசு இருக்காது, கூட்டாளி வரமாட்டான். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரிலோ புதுவயலிலோ பஸ்ஸை விட்டு இறங்கினால் மூன்றும் எதிரே நிற்கும். பதினைந்து நாள் கழித்து ரிவ்யூவுக்கு வரச்சொல்லிச் சீட்டு கொடுக்கிறோம். காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ சுமார் 90 கிலோமீட்டர். சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்கே போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும். நன்றாக இருக்கிறவர் 'நல்லாத்தானே இருக்கோம்' என்று வரமாட்டார். குடித்துவிட்டவர் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு வரமாட்டார்.

இந்த இடைவெளியைப் போன் மூலம் அடைக்கலாம். ஆனால் 'கஷ்டம்னா கூப்பிடுங்க' என்று நம்பரைக் கொடுத்து அனுப்புவது தொடர்பராமரிப்பு ஆகாது. கூப்பிட வேண்டியது நாம். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், அவர் நன்றாக இருக்கிற வாரத்திலும் கூப்பிட வேண்டும். ஒன்றுமே நடக்காத வாரங்களில் பேசிப் பழகியிருந்தால்தான், ஏதாவது நடந்த வாரத்தில் அவர் உண்மையைச் சொல்வார்.

இது மறுவாழ்வு மையங்களிலும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் வேலை பார்க்கும் ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுக்காக எழுதப்பட்டது.

கிளம்புவதற்கு முந்தைய நாள்

போன் பராமரிப்பின் பாதி வேலை, போன் செய்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் முக்கால் மணி நேரம் அவரோடு நேரில் உட்காருங்கள். முன்பின் முகம் பார்க்காதவர் போனில் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் யாரும் மனதைத் திறக்கமாட்டார்கள். வார்டில் பேசியவரே போனிலும் பேசட்டும். ஆள் மாறவேண்டி வந்தால், பழைய ஆலோசகர் ஒரு அழைப்பில் புதியவரை அறிமுகப்படுத்திவிட்டு விலக வேண்டும்.

அன்றைக்கே உங்கள் நம்பரை அவர் போனில் பதியுங்கள். என்ன பெயரில் பதிவது என்பதை அவரே சொல்லட்டும். மேஸ்திரி, பேங்க், சித்தப்பா என்று எதுவாகவும் இருக்கலாம். பதியாவிட்டால் தெரியாத நம்பர், மோசடி அழைப்பு என்று எடுக்கமாட்டார். இன்னொன்றையும் சரிபாருங்கள்: உங்கள் நம்பரை ட்ரூகாலரில் தேடினால் என்ன பெயர் வருகிறது? 'குடிபோதை மறுவாழ்வு மையம்' என்று வந்தால், கல் பட்டறையில் பக்கத்தில் நிற்பவர் திரையில் படித்துவிடுவார். தொடர்பராமரிப்புக்குத் தனி சிம் வாங்கி, பெயரில்லாமல் வைத்திருப்பது நல்லது.

போன் யாருடையது என்றும் கேளுங்கள். மகனுடைய போன் என்றால் மகன் கல்லூரியிலிருந்து வரும் நேரம்தான் உங்கள் நேரம். ரீசார்ஜ் தீர்ந்தால் உள்வரும் அழைப்பும் நின்றுபோகும். பெரும்பாலான சின்னத் திட்டங்கள் 28 நாள்தான். அந்தக் கடைசித் தேதியை உங்கள் நோட்டில் எழுதி வைத்தால், 'ஏன் எடுக்கவில்லை' என்று பதறும் அழைப்புகளில் பல மிச்சமாகும்.

பிறகு ஒப்புதல். அவர் கிடைக்காவிட்டால் யாரிடம் பேசலாம், என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இந்த இரகசியத்தை அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. மனைவியிடம் பேசலாம், மாமனாரிடம் கூடாது என்று அவர் சொன்னால் அப்படியே. அழைப்பைப் பதிவு செய்யாதீர்கள். செய்வதில்லை என்பதை அவரிடம் சொல்லியும் விடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கேயும் உடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வுகளில் பயன்படுத்திய அட்டவணை எளிமையானது: முதல் 8 வாரம் வாரம் ஒருமுறை, பிறகு அந்த ஆண்டு முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் 6 மாதம் மாதம் ஒருமுறை. மொத்தம் 18 மாதம், கணக்குப் போட்டால் சுமார் 36 அழைப்பு. ஒவ்வொன்றும் 15 முதல் 30 நிமிடம். நம் ஊருக்கும் இது பொருந்தும். முதல் வாரத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று வையுங்கள்: வீடு போய்ச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஐந்து நிமிட அழைப்பு. மாத்திரை கையில் இருக்கிறதா, தூக்கம் வந்ததா, யார் என்ன சொன்னார்கள். அது போதும்.

நேரத்தை அவருடைய வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். கல்யாணச் சமையலுக்குப் போகிறவர் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறார், மதியம் தூங்குவார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலை சம்பளம். அவர்களுக்கு வாராந்திர அழைப்பு சனி மதியமே போகவேண்டும், ஞாயிறு அல்ல. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. காலையில் எழுந்ததும் நினைப்பு வருகிறவருக்கு 11 மணி நல்ல நேரம். சிங்கப்பூரில் இருப்பவருக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. துபாயில் ஒன்றரை மணி நேரம் பிந்தி, அதோடு அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பதையும் அவர் விமானம் ஏறுமுன்பே கணக்கில் எடுங்கள்.

கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன்களை நான் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ. நாள் முழுக்கத் தனிமை, கேட்பார் கிடையாது, இரவு நீளம். இவர்களுக்கு வாரம் ஒன்று போதாது. முதல் இரண்டு மாதம் வாரம் இரண்டு சிறிய அழைப்பு வையுங்கள். தடித்த சுவருக்குள் குரல் அறுந்து அறுந்து வந்தால் வளவுக்கு, அதாவது வீட்டின் உள்முற்றத்துக்கு, வந்து பேசச் சொல்லுங்கள். முகப்புத் திண்ணையில் பேசினால் தெருவே கேட்கும்.

அந்த இருபது நிமிடம்

ஒவ்வொரு அழைப்பும் ஒரே வரிசையில் போகட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து அவரே பதிலைத் தயாராக வைத்திருப்பார். அதுதான் நமக்கு வேண்டியது.

முதல் கேள்வி எப்போதும் 'இப்ப பேசலாமா? பக்கத்துல ஆள் இருக்காங்களா?' ஆள் இருந்தால், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி நீங்களே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்தால் உங்கள் பெயரை மட்டும் சொல்லி, 'அப்புறம் கூப்பிடுறேன்' என்று வையுங்கள். மையத்தின் பெயர் வாயில் வரக்கூடாது.

அடுத்து ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு. போன அழைப்புக்குப் பிறகு எத்தனை நாள் குடித்தார்; நினைப்பு எவ்வளவு வந்தது, பத்துக்கு எத்தனை மார்க்; மனசு எப்படி, தூக்கம் எப்படி; குடித்த இடங்களுக்கோ பழைய கூட்டாளிகளிடமோ போனாரா. இவை நான்கும் ஆபத்துப் பக்கம். மாத்திரை சரியாகப் போகிறதா, வேலைக்குப் போகிறாரா, ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டத்துக்கோ ரிவ்யூவுக்கோ போனாரா. குடிக்காத துணை ஒருவரோடாவது பேசினாரா. இவை நான்கும் பாதுகாப்புப் பக்கம். நோட்டில் ஒரு வரியில் எட்டுக் கட்டம் போட்டுக்கொண்டால் போதும். பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள், நோட்டைப் பூட்டி வையுங்கள்.

அளவைக் கேட்கும்போது 'கொஞ்சம்' என்ற பதிலோடு விடாதீர்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால், அதாவது 10 கிராம் கணக்கில் 6 அளவு. கட்டிங் என்றால் அதில் பாதி, 3 அளவு. எட்டு சதவீத பீர் பெரிய பாட்டில் ஒன்று சுமார் 4 அளவு. 'பீர்தான் சார்' என்கிறவர் இரண்டு பாட்டில் குடித்திருந்தால் அது ஒரு குவார்ட்டருக்கும் மேல்.

அடுத்தது போன வாரம் எடுத்துக்கொண்ட வேலை என்ன ஆயிற்று என்பது. செய்யவில்லை என்றால் திட்டாமல், எது தடுத்தது என்று மட்டும் கேட்டு, வேலையைச் சின்னதாக்குங்கள்.

மீதி நேரம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்துக்கு: அடுத்த அழைப்புக்குள் வரப்போகும் ஆபத்தான ஒரு வேளை. பொதுவாகப் பேசினால் வீண். நாள், நேரம், இடம், ஆள் நான்கும் தெரியும்வரை கேளுங்கள். பிறகு போனிலேயே ஒத்திகை. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்ப்பவரோடு இப்படிப் போகும்:

'அண்ணே, சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு எந்த வழியாப் போவீங்க?'

'எப்பவும் போற வழிதான் மேடம். கடையைத் தாண்டித்தான் போகணும்.'

'கூட யாரு வருவா?'

'மச்சான் வண்டியிலதான் வருவேன். அவன் நிறுத்துவான்.'

'நிறுத்துனா என்ன சொல்வீங்க? நான் உங்க மச்சான்னு வச்சுக்கங்க. வாடா, கட்டிங் மட்டும்.'

'...வேணாம்டா.'

'அவரு விடமாட்டாரு. ஒரு தடவைதானடாம்பாரு.'

'மாத்திரை சாப்பிடுறேன்டா. ஒரு சொட்டு போனாலும் ஆஸ்பத்திரிதான். நீ போ, நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்.'

'சரியாச் சொன்னீங்க. பஸ்ஸுக்குக் காசு தனியா எடுத்து வச்சிருங்க. சம்பளத்தை யார் கையில கொடுக்கலாம்?'

கடைசிக் கேள்வி இல்லாமல் ஒத்திகை முடியாது. சம்பளப் பணம் கையில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். மனைவி பட்டறைக்கே வந்து வாங்கிக்கொள்வதை அவமானமாக நினைப்பவரிடம், ஜிபேயில் நேரே மனைவி கணக்குக்குப் போடச் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

நினைப்பு வந்து பிடித்தால் என்ன செய்வது என்பதும் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அது ஏறும், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கும். அந்த அரை மணி நேரம் இடத்தை விட்டு நகர வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், ஒருவரைக் கூப்பிட வேண்டும். பசியும் களைப்பும்தான் பலருக்கு ஏக்கமாகத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட்டால் ஏக்கம் குறைவதை அவரே கவனிப்பார்.

முடிக்கும்போது அடுத்த அழைப்பின் நாளையும் நேரத்தையும் அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

ஊர் நாள்காட்டி

அட்டவணையோடு ஊர்த் திருவிழாக் காலண்டரையும் மேசையில் வைத்திருங்கள். பொங்கலை ஒட்டிய சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்தில் அரளிப்பாறை, வைகாசியில் கொப்புடையம்மன் திருவிழா, அவரவர் குலதெய்வப் படைப்பு, கிடாவெட்டு. திருவிழாவுக்கு முந்தைய நாளும் மறுநாளும் ஒவ்வொரு சிறிய அழைப்பு. வெளியூரிலிருந்து பழைய கூட்டாளிகள் வந்து சேரும் நாள்கள் அவை. படையலில் சாராயம் வைக்கும் சாமி என்றால், அதை வாங்குவதும் வைப்பதும் எடுப்பதும் வேறொருவர் பொறுப்பு என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவாக வேண்டும்.

மாலை போடுவது நல்ல துணை. சபரிமலைக்கோ, குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்கோ மாலை போட்டவர் விரதத்தில் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். ஆலோசகர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: 'சாமி நல்லா இருக்காரு' என்று அழைப்பைக் குறைத்துவிடுவார்கள். ஆபத்து மாலையைக் கழற்றும் நாளில். அந்தத் தேதியை முதல் அழைப்பிலேயே கேட்டுக் குறித்து, கழற்றுகிற அன்றைக்கே சாயங்காலம் கூப்பிடுங்கள். விரத நாள்களில் வார அழைப்பை விடாமல், 'மாலை கழட்டுன மறுநாள் என்ன பண்ணப்போறீங்க' என்பதையே பேசுங்கள்.

கடை விடுமுறை நாள்களிலும் இப்படித்தான். காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், திருவள்ளுவர் தினம் போன்ற நாள்களில் கடை மூடியிருக்கும் என்று நிம்மதியாக இருக்கக்கூடாது. முந்தைய நாள் மாலையே வாங்கிப் பதுக்குவார்கள். அழைப்பு அந்த முந்தைய நாளுக்கு.

போன் எடுக்கவில்லை என்றால்

ஒரு அழைப்புத் தவறினால் அதே நாள் மாலை ஒன்று, மறுநாள் காலை ஒன்று. மூன்றும் போனால் 'அண்ணே, நேரம் கிடைக்கும்போது மிஸ்டு கால் கொடுங்க' என்று மட்டும் ஒரு செய்தி. குடி, மாத்திரை, மையம் எதுவும் அதில் வரக்கூடாது. மூன்று நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒப்புதலில் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் தாண்டினால், ஒப்புதல் இருந்தால் மட்டும், அந்தப் பக்கம் போகும் களப்பணியாளர் நேரில் பார்த்து வரட்டும். தொடர்ந்து எடுத்துவந்தவர் திடீரென எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வெட்கம். மறுபடி கிடைக்கும்போது முதல் சொல் 'ஏன் எடுக்கல' என்று இருக்கக்கூடாது. 'குரலைக் கேட்டது சந்தோஷம்ணே' என்று தொடங்குங்கள்.

சறுக்கினால்

குடித்துவிட்டேன் என்று அவர் சொல்வது உங்கள் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி: கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு, இப்போது கை நடுக்கமோ வியர்வையோ இருக்கிறதா?

ஒரு வேளை குடித்து நிறுத்தியிருந்தால் அது சறுக்கல். அடுத்த அழைப்பை மறுநாளுக்கு வைத்து, இரண்டு வாரத்துக்கு அழைப்பை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு வாரத்திலும் ஆபத்துப் பக்கம் ஏறிக்கொண்டே போனால் போன் போதாது, நேரில் வரவழையுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியவர் வேறு கதை. நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இடம் நேரம் தெரியாத உளறல் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் வரும். அது உயிருக்கு ஆபத்து. முன்பு வலிப்பு வந்தவர், உளறியவர், வாந்தியில் தண்ணீரும் தங்காதவர் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். 108.

வலி மாத்திரையோ ஊசியோ பழகி நிறுத்தியவரிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: பழைய அளவை உடம்பு இப்போது தாங்காது. நிறுத்திச் சில வாரம் கழித்துப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம்.

மனச்சோர்வுக் கேள்விக்கு 'வாழ்ந்து என்ன ஆகப்போகுது' என்று பதில் வந்தால், சாகணும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. ஆமாம் என்றால் அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே, உங்கள் பக்கத்தில் இருப்பவரைக்கொண்டு அவர் வீட்டாரையும் 108-ஐயும் கூப்பிட வையுங்கள். இதற்காகவே அறையில் இரண்டாவது போன் வேண்டும். இரவு நேரத்துக்கு மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டையும் முதல் நாளே அவர் போனில் பதிந்துவிடுங்கள். போதை தொடர்பான தேசிய உதவி எண் 14446.

மாத்திரை பற்றி எதைப் பேசலாம்

சாப்பிட்டாரா, தீர்ந்துவிட்டதா, தொந்தரவு உண்டா. இந்த மூன்றுதான் உங்கள் எல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் வேலை.

டைசல்பிரம் சாப்பிடுகிறவரிடம் மட்டும் கூடுதல் கவனம். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. 'நேத்தோட நிறுத்திட்டேன், இன்னைக்குக் குடிக்கலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. நாட்டு மருந்துக் கடை அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் இருக்கிறது. சில இருமல் மருந்துகளிலும் உண்டு. ஏக்கத்தைக் குறைக்கத் தரும் நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறவர் பல்லுக்கோ எலும்பு முறிவுக்கோ வேறு மருத்துவரிடம் போனால் அதை முதலில் சொல்ல வேண்டும்; டிரமடால் போன்ற வலி மருந்துகள் வேலை செய்யாது. அதே வேலைக்குத் தரும் பேக்லோபன் சாப்பிடுகிறவர் திடீரென நிறுத்தக்கூடாது.

வீட்டார்

மனைவியிடமோ தாயிடமோ பேசுவது தனி அழைப்பு. சிகிச்சை பெற்றவரிடம் பேசிய அழைப்பிலேயே போனை வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லி, 'உண்மையைச் சொல்லுங்க, குடிக்கிறாரா?' என்று கேட்டால் அன்றோடு அவருடைய நம்பிக்கை போயிற்று. வீட்டாருக்குத் தேவை அவர்களுடைய தூக்கத்தையும் பயத்தையும் கேட்கும் ஒருவர். இந்தப் பக்கம் வயதான ஆத்தாக்கள், ஆச்சிகள் மகன் குடியைத் தங்கள் வளர்ப்பின் குற்றமாகச் சுமக்கிறார்கள். அது நோய் என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி விற்கும் மருந்துகளைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். டைசல்பிரத்தை அப்படிக் கலந்து, தெரியாமல் அவர் குடித்தால் உயிரே போகலாம். மிரட்டலோ அடியோ இருந்தால், அவர் குடியை நிறுத்தும்வரை பொறுக்கச் சொல்லாதீர்கள். பெண்கள் உதவி எண் 181.

ஆள் கணக்கும் முடிப்பும்

ஒரு அழைப்புக்கு 20 நிமிடம், நோட்டு எழுத 10 நிமிடம், எடுக்காதவர்களைத் திரும்பக் கூப்பிடும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒருவரால் ஒரு நாளில் எட்டு, பத்துப் பேரோடு ஒழுங்காகப் பேசலாம். அதற்கு மேல் ஏற்றினால் கேள்விகள் வாசிப்பாகிவிடும். விடுப்பு எடுப்பதாக இருந்தால் முந்தைய அழைப்பிலேயே சொல்லி, யார் கூப்பிடுவார் என்ற பெயரையும் சொல்லுங்கள்.

பதினைந்தாவது மாதத்திலிருந்தே முடிக்கப்போவதைப் பேசத் தொடங்குங்கள். அதற்குள் ஏ.ஏ. கூட்டத்திலோ ஊரிலோ, அவர் தயங்காமல் கூப்பிடக்கூடிய இரண்டு பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பை நீட்டுங்கள். 18 மாதம் என்பது கட்டாயமில்லை. கடைசி அழைப்பில், அவருக்கே உரிய முன்னறிகுறிகளை அவரே சொல்ல நீங்கள் எழுதுங்கள்: தூக்கம் கெடுவது, மாத்திரையை மறப்பது, சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்குவது, பழைய வழியில் வீடு திரும்புவது. அதை வாட்ஸ்அப்பில் அவருக்கும், அவர் சரி என்றால் மனைவிக்கும் அனுப்புங்கள். அந்த சிம்மை மூடிவிடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். இரண்டு வருடம் கழித்தும் அதே நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள்.